படம் போட்டால் பாடம் சுருங்கும்

வீட்டுப் பள்ளிக்கூடம்

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். காலையில் ஷூ கம்பெனி பஸ் பிடித்துப் போய், பொழுது சாய்ந்து வீடு திரும்புகிறவர். மூத்த பையன் ஏழாவது படிக்கிறான். “பையன் நன்றாகத்தான் படிக்கிறான். ஆனால் ‘சுருக்கி எழுது’ என்று கேட்டால் முதல் நாலு வரியை அப்படியே காப்பி அடித்துவிட்டு வந்துவிடுகிறான். மார்க் போய்விடுகிறது. நான் எட்டாவதோடு நிறுத்திவிட்டவள். அவன் புத்தகமோ இங்கிலீஷில் இருக்கிறது. நான் எப்படி அவனுக்குச் சொல்லிக்கொடுப்பது?” என்று கேட்கிறார்.

இந்தக் கேள்வியில் இரண்டு கவலை இருக்கிறது, பார்த்தீர்களா? பையனுக்குச் சுருக்கத் தெரியவில்லை என்பது ஒன்று. ‘படிக்காத அம்மாவான என்னால் என்ன ஆகும்’ என்பது இன்னொன்று. முதல் கவலையை விட இரண்டாவதுதான் பெரிது. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழில் உள்ள ஊர்களில் எல்லாம், வீட்டிலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் நிறைய. அவர்கள் வீட்டில் டியூஷன் வைக்கக் காசில்லை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை. கடைசியில் நோட்ஸை வாங்கி உருப்போடுவதுதான் படிப்பு என்றாகிவிடுகிறது.

இரண்டு கவலைக்கும் ஒரே மருந்து உண்டு. அது படம்.

சுருக்குவது என்றால் என்ன?

நாம் கஷாயம் போடுகிறோம். எட்டு டம்ளர் தண்ணீர் வைத்து ஒரு டம்ளராகச் சுண்டவிடுகிறோம். மேலாக ஒரு டம்ளர் மொண்டு எடுத்துவிட்டு மீதியைக் கொட்டினால் அது கஷாயமா? முதல் நாலு வரியைக் காப்பி அடிப்பதும் அப்படித்தான். தண்ணீர் போகவேண்டும், சத்து எல்லாம் நிற்கவேண்டும்.

இந்த வித்தை குழந்தைகளுக்குத் தானாக வந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் ஆன் பிரவுன், ஜீன் டே என்ற இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 1983ல் எழுதினார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் செய்வது பெரும்பாலும் ஒன்றேதான். வேண்டாததாகத் தோன்றும் வரியை விட்டுவிட்டு, மற்றதை அப்படியே எழுதுவது. பல வரிகளின் கருத்தைச் சேர்த்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கிற திறமை, வயது ஏற ஏறத்தான் வந்தது. ஆகவே உங்கள் பிள்ளை காப்பி அடித்தால் அவன் மக்கு என்று அர்த்தமில்லை. யாரும் இன்னும் வழி காட்டவில்லை என்றுதான் அர்த்தம்.

வழி மிகவும் சுலபம். நாலு காரியம்தான்.

1. தேவையில்லாததை விடு.
2. ஒரே விஷயத்தைத் திருப்பிச் சொல்லியிருந்தால் ஒன்றை மட்டும் வை.
3. பல பொருள்களுக்குப் பொதுவாக ஒரு பெயர் கொடு. உளுந்து, துவரை, கடலை என்று அடுக்காமல் ‘பருப்பு’ என்று சொல்கிற மாதிரி.
4. தலையான வாக்கியத்தைத் தேடு. இல்லாவிட்டால் நீயே ஒன்று அமைத்துக்கொள்.

இந்த நாலையும் வாயால் சொன்னால் பிள்ளைக்கு ஏறாது. படமாகப் போடச் சொன்னால் தானே செய்துவிடுவான். ஏனென்றால் சின்னக் கட்டத்துக்குள் நாலு வரி கொள்ளாதே! இரண்டு வார்த்தையைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும்.

நம் ஊர்ப் பள்ளிகள் கண்ட வழி

இது எங்கோ அயல்நாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்கவேண்டாம். இதன் வேர் ஒன்று வேலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1990களில் இங்கே முன்பணத்துக்காகப் பீடி சுற்றும் வேலையில் கட்டுண்டு கிடந்த பிள்ளைகள் ஏராளம். அவர்களை மீட்டுப் படிக்க வைக்கும் வேலையில் அந்நாளைய மாவட்ட ஆட்சியர் எம்.பி. விஜயகுமார் இறங்கினார். பத்து வயதுக்கு மேல் முதல்முறையாகப் பள்ளிக்கூடம் வந்த பிள்ளையை, ‘உட்கார், கேள், எழுது’ என்று கட்டிப்போட முடியுமா? ஆடியும் பாடியும் கையால் செய்தும் கற்கிற முறை தேவைப்பட்டது.

பிறகு 2003ல் அவர் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் உள்ள ரிஷிவேலிப் பள்ளியின் முறையை ஆசிரியர்கள் நேரில் போய்ப் பார்த்து வந்தார்கள். மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அட்டைகளும் கற்றல் ஏணியும் கொண்ட அந்த முறை 2007-08ல் தமிழ்நாடு முழுவதும் தொடக்க வகுப்புகளுக்குப் பரவியது.

அதே சமயத்தில் நடுநிலை வகுப்புகளுக்கு வந்ததுதான் படைப்பாற்றல் கல்வி. பாடத்தை ஆசிரியர் வாசித்து விளக்கிவிட்டுப் போவதில்லை. பிள்ளைகளே படிக்கவேண்டும், தெரியாத சொல்லுக்குக் கோடிட்டு அகராதியில் பார்க்கவேண்டும், படித்ததை ‘மனவரைபடமாக’ வரையவேண்டும், குழுவில் ஒப்பிட்டுத் தொகுக்கவேண்டும், வகுப்பு முன்னால் நின்று சொல்லவேண்டும், கடைசியில் எழுதவேண்டும். வரிசையைக் கவனியுங்கள். படித்தலுக்கும் தொகுத்தலுக்கும் நடுவில் படம் இருக்கிறது. ஆற்றைக் கடக்கப் போட்ட பாலம் மாதிரி.

மனவரைபடத்தை உலகெங்கும் பிரபலமாக்கியவர் இங்கிலாந்தின் டோனி பூசான். 1974ல் பி.பி.சி. தொலைக்காட்சியில் இதைச் சொல்லிக்கொடுத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் ஜோசப் நோவாக் என்பவர் ‘கருத்து வரைபடம்’ என்ற முறையை உருவாக்கினார். அதில் கட்டங்களை இணைக்கும் கோட்டின் மேல் ‘இதனால்’, ‘இதற்காக’ என்று தொடர்பையும் எழுதவேண்டும். நமக்குப் பெயர் முக்கியமில்லை. நடுவில் புள்ளி வைத்து நாலு பக்கமும் கோடு இழுக்க நமக்கா தெரியாது? தினமும் வாசலில் செய்வதுதானே!

எந்தப் பாடத்துக்கு எந்தப் படம்?

எல்லாப் பாடத்துக்கும் ஒரே படம் போட்டால் சரிவராது. இட்லித் தட்டில் தோசை வார்க்க முடியுமா? நாலு வகை தெரிந்துகொண்டால் போதும்.

கிளைப் படம்: ஒரு பொருளைப் பற்றி விவரிக்கும் பாடத்துக்கு. நடுவில் ‘பாலாறு’ என்று எழுதி வட்டம் போடுங்கள். ஒரு கிளை ‘பிறப்பு’ - கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதி. அடுத்தது ‘வழி’ - கர்நாடகம், ஆந்திரா, தமிழ்நாடு. அடுத்தது ‘முடிவு’ - வயலூர் அருகே கடல். இன்னொன்று ‘ஊர்கள்’ - வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர்.

அம்புப் படம்: ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் காரியத்துக்கு. தோல் பதனிடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பிட்ட தோல் → ஊறவைத்தல் → சுண்ணாம்பில் போடுதல் → முடியும் சதையும் நீக்குதல் → சுண்ணாம்பு போக்குதல் → பதனிடுதல் → உலர்த்துதல் → மெருகேற்றுதல். இது அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தெரிந்த வேலை என்றால், அன்றைக்கு வீட்டு வாத்தியார் அவர்தான்!

இரட்டை வட்டம்: இரண்டை ஒப்பிட. ஒன்றோடொன்று கொஞ்சம் பின்னியபடி இரண்டு வட்டம். இடது வட்டத்தில் ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளால் பதனிடுவது: நாள் அதிகம், பழுப்பு நிறம். வலது வட்டத்தில் குரோமியம் உப்பால் பதனிடுவது: சீக்கிரம் முடியும், முதலில் நீலம் பாரித்து நிற்கும். நடுவில் பின்னிய இடத்தில் இரண்டுக்கும் பொது: ஊறவைப்பது, சுண்ணாம்பு, முடி நீக்குவது.

மூன்று பெட்டி: சரித்திரப் பாடத்துக்கு. ஏன்? - என்ன நடந்தது? - அதனால் என்ன? மூன்று பெட்டி, நடுவில் இரண்டு அம்பு.

செய்து பார்ப்போமா?

சத்துவாச்சாரிப் பிள்ளைக்குப் பஸ்ஸில் சிறிது தூரம் போனால் கோட்டை. ஆகவே வேலூர்ப் புரட்சியையே எடுத்துக்கொள்வோம். பாடம் இப்படி இருப்பதாக வையுங்கள்:

“1799ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் இறந்த பிறகு அவர் குடும்பத்தாரை ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். கோட்டையைச் சுற்றி ஆழமான அகழி உண்டு. கோட்டையில் இந்தியச் சிப்பாய்களும் ஆங்கிலச் சிப்பாய்களும் இருந்தார்கள். சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, தோலால் ஆன குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணியவேண்டும் என்று உத்தரவு வந்தது. மறுத்தவர்களுக்குக் கசையடி கொடுத்தார்கள். 1806 ஜூலை 10ஆம் தேதி விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தார்கள். கோட்டையைப் பிடித்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப் படையுடன் வந்து சில மணி நேரத்தில் கோட்டையை மீட்டார். பிறகு அந்த உத்தரவுகள் ரத்தாயின. கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். திப்பு குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.”

ஏறக்குறைய 75 வார்த்தை. மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கவேண்டும் என்றால் 25 வார்த்தை. பையன் மூன்று பெட்டி போடட்டும். ஒரு பெட்டிக்கு நாலைந்து சொல்லுக்கு மேல் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

முதல் பெட்டி: நெற்றிக்குறி, தாடி, தலைப்பாகை என்று மூன்று எழுத வருவான். இடமில்லை. “இந்த மூணுக்கும் சேர்த்து ஒரே பேர் என்னடா?” என்று கேளுங்கள். யோசிப்பான். ‘உடை, தோற்ற உத்தரவு’ என்று வரும். பருப்பு மாதிரிதான்! ஒரு மூலையில் தலைப்பாகைப் படம் போட்டால் போதும், மறக்காது.

இரண்டாம் பெட்டி: ‘1806 ஜூலை 10 - கோட்டை பிடிப்பு - ஆற்காட்டுப் படை மீட்பு.’ ஒரு கோட்டை, ஒரு குதிரை.

மூன்றாம் பெட்டி: ‘உத்தரவு ரத்து, கவர்னர், தளபதி போனார்கள்.’

அகழி? எந்தப் பெட்டியிலும் இடமில்லை, தானாக வெளியே நின்றுவிட்டது. தேவையில்லாததை விடுவது இப்படித்தான் பழகும். இனி புத்தகத்தை மூடிவிட்டுப் படத்தைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்:

“உடையிலும் தோற்றத்திலும் தலையிட்ட உத்தரவுகளை எதிர்த்து 1806 ஜூலை 10ல் வேலூர்ச் சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்தார்கள். ஆற்காட்டுப் படை சில மணி நேரத்தில் அடக்கியது. ஆனாலும் உத்தரவுகள் ரத்தாயின. கவர்னரும் தளபதியும் பதவி இழந்தார்கள்.”

எண்ணிப் பாருங்கள், 25 வார்த்தை. காப்பி அடித்த வரி ஒன்றுகூட இல்லை. அந்த ‘ஆனாலும்’ என்ற சொல் புத்தகத்தில் இல்லவே இல்லை. அது பிள்ளையின் சொந்தச் சரக்கு. தோற்றும் பலன் கிடைத்தது என்று புரிந்தால்தான் அந்தச் சொல் வரும்.

“திப்பு குடும்பத்தை விட்டுட்டோமேம்மா?” என்று கேட்டால் சந்தோஷப்படுங்கள். நல்ல கேள்வி. அவர்கள் கோட்டையில் இருந்ததும் கிளர்ச்சிக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கேள்வி ‘காரணங்களை எழுது’ என்று வந்தால் அது முதல் பெட்டியில் கட்டாயம் இருக்கவேண்டும். 25 வார்த்தைக்குள் சுருக்கு என்றால் விடலாம். எதை வைப்பது, எதை விடுவது என்பது கேள்வியைப் பொறுத்தது. இதை யோசிக்கத் தொடங்கிவிட்டால் பிள்ளை பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

படிக்காத அம்மாவின் வேலை

இப்போது அந்தச் சகோதரியின் இரண்டாவது கவலைக்கு வருவோம். இங்கிலீஷ் புத்தகத்தை அம்மா படிக்கவேண்டிய அவசியமே இல்லை. படத்தை மட்டும் பார்த்தால் போதும். பிள்ளை படத்தைக் காட்டித் தமிழில் கதை சொல்லவேண்டும். அம்மா மூன்றே கேள்வி கேட்கவேண்டும்.

“இது யாரைப் பத்தி?”

“என்ன நடந்தது?”

“இந்த அம்பு ஏன் இங்கே போகுது?”

மூன்றாவது கேள்விதான் ரொம்ப முக்கியம். பையனுக்குப் பாடம் புரிந்திருந்தால் அம்புக்குக் காரணம் சொல்வான். உருப்போட்டிருந்தால் விழிப்பான். விழித்தால் கோபிக்கவேண்டாம். “போய் அந்த இடத்தை மட்டும் திரும்பப் படிச்சிட்டு வா, ராஜா” என்று அனுப்புங்கள். சந்தேகம் வந்தால், பெட்டியில் எழுதிய விஷயம் புத்தகத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாததை அடித்துவிடச் சொல்லுங்கள்.

படத்தைப் பார்த்து உங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டால் சுருக்கம் சரி. புரியவில்லை என்றால் எங்கோ ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. இந்தப் பரீட்சைக்கு, பாடம் தெரியாத அம்மாதான் சரியான ஆள்! பாடம் தெரிந்த வாத்தியார், பிள்ளை விட்ட இடத்தைத் தாமே மனதில் நிரப்பிக்கொண்டுவிடுவார். உங்களால் அப்படி முடியாது. அதனால் பிள்ளை தெளிவாகச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சின்னக் குழந்தைகளுக்கு

கைக்குழந்தை தாண்டி மூன்று, நாலு வயதுக் குழந்தை வைத்திருக்கும் இளம் தாய்மார்களும் இதைத் தொடங்கலாம். பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்லுங்கள். பிறகு சிலேட்டில் மூன்று படம்: காக்கா வடை தூக்குகிறது, நரி பாடச் சொல்கிறது, வடை கீழே விழுகிறது. குழந்தையைப் படத்தைத் தொட்டுத் தொட்டுக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு நாள் நடுப்படத்தை அழித்துவிட்டு, “இப்போ கதை சரியா இருக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். “நரி காணோம்!” என்று கத்தும். எது இல்லாவிட்டால் கதையே நிற்காது என்று கண்டுபிடிப்பதுதான் சுருக்கத்தின் உயிர்.

ஜாக்கிரதை!

படம் போடுவது நல்லதுதான் என்றாலும் சில இடங்களில் வழுக்கும்.

பூவும் கொடியும் போட்டுக் கலர் அடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் போக்கிவிடுவார்கள் சில குழந்தைகள். பெண் குழந்தைகள்தான் என்றில்லை, ஆண் பிள்ளைகளும்தான். பத்து நிமிஷத்துக்கு மேல் படத்துக்கு நேரம் கொடுக்கவேண்டாம். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை.

நோட்ஸில் அச்சடித்து வரும் வரைபடத்தைப் பார்த்து எழுதினால் பிரயோஜனமே இல்லை. அது உருப்போட இன்னொரு சரக்கு, அவ்வளவுதான். பிள்ளையின் கையால் பிறந்த படம்தான் பலன் தரும்.

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே போடுவதும் போதாது. அமெரிக்காவில் ஜெஃப்ரி கார்ப்பிக்கி, ஜானெல் பிளண்ட் இருவரும் 2011ல் வெளியிட்ட சோதனையில், புத்தகத்தைப் பார்த்துக் கருத்து வரைபடம் போட்டவர்களை விட, புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. ஆகவே இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்: முதல் நாள் பார்த்துப் போடட்டும். மறுநாள் பார்க்காமல் போடட்டும். பிறகு ஒப்பிட்டு, விட்டதை வேறு நிறத்தில் சேர்க்கட்டும். அந்த வேறு நிறம்தான் பரீட்சைக்கு முதல்நாள் பார்க்கவேண்டிய இடம்.

கடைசியாக, பொறுமை. படிக்கும் உத்திகள் பத்தை எடைபோட்டு ஜான் டன்லாஸ்கி குழுவினர் 2013ல் எழுதிய ஆய்வில், பழக்கம் இல்லாத பிள்ளை வெறுமனே சுருக்கி எழுதுவதால் பெரிய லாபமில்லை என்றே சொன்னார்கள். சுருக்கவே முதலில் பழக்கவேண்டும். ஒரு வாரத்தில் மார்க் ஏறவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். வட்டமாகச் சப்பாத்தி இட நமக்கு எத்தனை நாள் பிடித்தது?

இந்தப் பதினைந்து நாளுக்கு வீட்டுப்பாடம்

செலவு ஒன்றுமில்லை. கிழித்த மாதக் காலண்டரின் பின்பக்கம், ஒரு பென்சில், இரண்டு கலர் போதும். வாரம் மூன்று நாள், சாப்பாட்டுக்கு முன்னால் இருபது நிமிஷம்.

முதல் வாரம் தமிழ்ப் பாடத்தில் ஒரே ஒரு பத்தி. நாலு வகையில் எந்தப் படம் பொருந்தும் என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். இரண்டாம் வாரம் சமூக அறிவியலோ அறிவியலோ, ஒரு பக்கம். படம் முடிந்ததும் வாயால் சொல்லி, அதன் பிறகே எழுதவேண்டும். சொல்லாமல் எழுத விடாதீர்கள். சொல்லும்போதுதான் வாக்கியம் அமைகிறது.

நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்கலாம். வீட்டில் அப்பர் தைக்கிற வேலை வைத்திருப்பவர்கள் தைத்துக்கொண்டே கேட்கலாம். கண் கொஞ்சம் காலண்டர் தாளில் இருந்தால் போதும்.

பாட்டுப் பகுதிக்கும் கணக்குக்கும் இந்த முறை அவ்வளவாக ஒத்துவராது. அவற்றுக்கு வேறு வழி உண்டு. அதை அடுத்த இதழில் பார்ப்போம். அதற்குள் உங்கள் பிள்ளை போட்ட படத்தில் எந்த அம்பு உங்களுக்குப் புரியவில்லை என்று ஒரு கார்டு எழுதிப் போடுங்கள், சகோதரிகளே.